மூன்று முறை முயன்று நிற்கும் ஃபர்னஸ்

டொரொன்டோவில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் ஜனவரி இரவில் வீட்டுக்குள் உயிர் வாழ முடிகிறதென்றால், அது பேஸ்மென்டில் நிற்கும் தகரப் பெட்டியின் தயவு. ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் வாடகையில் வாழ்க்கையைத் தொடங்கிய தமிழர் பலருக்கு ஃபர்னஸின் ஒவ்வொரு சத்தமும் அத்துப்படி. சுவருக்கு அந்தப் பக்கம்தானே அது நிற்கிறது! திடீரென்று ஒருநாள் சத்தம் நின்று, வீடு குளிரத் தொடங்கினால் 'பழுதாகிவிட்டது' என்கிறோம். பல நேரங்களில் பழுது என்று எதுவும் இருக்காது. 'இந்த நிலையில் எரிவது ஆபத்து' என்று முடிவெடுத்து, தானாகவே நின்றிருக்கும்.

இன்றைய கேஸ் ஃபர்னஸ் எடுத்த எடுப்பில் நெருப்பு மூட்டாது. தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் ஒரு சின்ன விசிறி உறுமத் தொடங்கும். எரியறைப் புகையை வெளியே இழுத்துத் தள்ளுவது அதன் வேலை. இழுவை போதுமான அளவுக்கு வந்ததா என்று பிரஷர் ஸ்விட்சுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு உணர்ந்து அனுமதி தந்தால்தான், இக்னைட்டர் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிச் செக்கச்சிவக்கும். பிறகு 'டிக்' என்று கேஸ் வால்வு திறக்கும். சுடர் பற்றிக்கொண்ட சிறிது நேரத்தில் பெரிய விசிறி ஓடி, சூடான காற்றை அறைகளுக்கு அனுப்பும். இந்த வரிசை தெரிந்தவருக்குச் சத்தம் எந்த இடத்தில் அறுந்தது என்பதே பாதி விடை.

மிகவும் அலைக்கழிக்கும் கோளாறு இது: சுடர் அழகாகப் பற்றுகிறது, சில விநாடிகளில் அணைகிறது, மறுபடி பற்றுகிறது, அணைகிறது. மூன்று, நான்கு முயற்சிக்குப் பின் பெட்டி பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது. சந்தேகம் முதலில் போக வேண்டியது சுடர் உணரி மீது. சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், பென்சிலைவிட ஒல்லியான உலோகக் கம்பி அது. அது வெப்பத்தை அளக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மை அதைவிடச் சுவாரசியமானது. எரியும் வாயுவில் மின்னூட்டம் கொண்ட அயனிகள் இருப்பதால் சுடர் மின்சாரத்தைக் கடத்தும். கன்ட்ரோல் போர்டு அந்தக் கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறது. கம்பி சிறியது, எதிர்முனையான பர்னரின் பரப்போ மிகப் பெரியது. அதனால் சுடர் வழியாக மின்னோட்டம் ஒரு திசையில் மட்டும் எளிதாகப் பாய்கிறது. அதன் அளவு சில மைக்ரோ ஆம்பியர்தான். கம்பி எங்கேனும் உரசி ஷார்ட் ஆனாலும் மின்சாரம் பாயும்; ஆனால் இரு திசையிலும் சமமாகப் பாயும். ஆகவே போர்டு ஏமாறாது. ஒருதிசை மின்னோட்டம் வந்தால் நெருப்பு இருக்கிறது என்று பொருள். வராவிட்டால், எரியாத கேஸ் வீட்டுக்குள் பரவுவதாகவே எடுத்துக்கொண்டு வால்வை மூடிவிடும்.

இவ்வளவு நுட்பத்தையும் கவிழ்த்துவிடுவது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படலம். காற்றில் வரும் தூசியும், சிலிக்கோன் கலந்த வீட்டுப் பொருட்களின் ஆவியும் சுடரில் எரிந்து, கம்பி மேல் கண்ணாடி போலப் படிகின்றன. மின்சாரம் தடைப்படுகிறது. நெருப்பு கண்ணெதிரே எரிந்தாலும் போர்டுக்கு அது தெரிவதில்லை. கம்பியைக் கழற்றி மெல்லிய எஃகு நாரால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலைக்கு இவ்வளவு கூலியா என்று வயிறு எரியும்தான். ஆனாலும் பர்னர் பக்கம் நாமே கைவைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒன்டாரியோவில் கேஸ் சாதன வேலைக்கு உரிமம் பெற்ற டெக்னீஷியன் வேண்டும்.

கைவைக்காமல் பார்க்கக்கூடியவை நிறைய உண்டு. ஃபில்டர் அடைத்திருந்தால் காற்று குறைந்து, உள்ளே சூடு எல்லை மீறி, லிமிட் ஸ்விட்ச் நெருப்பை அணைத்துவிடும். சிக்கனம் என்று ஆளில்லாத அறைகளின் காற்றுத் துவாரங்களை எல்லாம் மூடிவைப்பவர்கள் வீட்டிலும் இதே கதை நடக்கலாம். தெர்மோஸ்டாட் பேட்டரியைப் பாருங்கள். ஃபர்னஸுக்கென்று சாதாரண லைட் ஸ்விட்ச் போலவே ஒன்று, பெரும்பாலும் சிவப்புத் தகட்டோடு, பேஸ்மென்ட் படிக்கட்டருகே இருக்கும். விளக்கு என்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். ஃபில்டர் மாற்றியவர் கதவைச் சரியாக மூடாவிட்டாலும், கதவு அழுத்த வேண்டிய சிறு ஸ்விட்ச் அழுந்தாமல் எதுவும் ஓடாது.

அடுத்தது தண்ணீர். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவி பிறக்கிறது. பழைய ஃபர்னஸ்கள் அதைப் புகைக்கூண்டு வழியே விட்டுவிட்டன. புதியவை நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதில் ஒளிந்திருக்கும் வெப்பத்தையும் கறந்துகொள்கின்றன. 95 சதவீதத் திறன் என்று விளம்பரத்தில் போடுவதன் ரகசியம் இதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டும். வடிகுழாய் அடைத்தாலோ உறைந்தாலோ தண்ணீர் தேங்கி, இழுவை கெட்டு, பிரஷர் ஸ்விட்ச் அனுமதி மறுக்கும். சின்ன விசிறி மட்டும் ஓடி ஓடி நிற்கிறதா? வடிகுழாயைப் பாருங்கள். அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், பக்கச் சுவரில் நீட்டியிருக்கும் வெள்ளைக் குழாய்களைப் பனி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தக் குழாய் விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில், கேஸ் கணப்பின் புகைவழி அடைத்துக்கொண்டதால் ஹாக்கின்ஸ் குடும்பத்தினர் நால்வர் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானார்கள். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. 2013-இல் நிறைவேறிய, வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் அவர்கள் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. தூங்கும் அறைகளுக்கு அருகே அலாரம் இருக்க வேண்டும். அது ஒலித்தால் ஃபர்னஸை ஆராயப் போகாமல் எல்லோரும் வெளியேறி 911-ஐ அழையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது கேஸ் கசிவு. எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறி, அங்கிருந்து அழையுங்கள்.

ஆபத்தின் அறிகுறி எதுவும் இல்லாமல் ஃபர்னஸ் வெறுமனே நின்றிருந்தால், ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பத்து முறை போட்டால், நிற்கச் சொல்லும் பாதுகாப்பைத்தான் விரட்டுகிறீர்கள். அந்த ஒருமுறைக்கு முன்பும், கீழ்க் கதவிலுள்ள சிறு கண்ணாடித் துளை வழியே உள்ளே மின்னும் விளக்கை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். எத்தனை முறை மின்னுகிறது என்பதே கோளாறின் எண். அதற்கான அட்டவணை கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும். பல ஃபர்னஸ்களில் மின்சாரத்தை அணைத்தால் அந்தக் கணக்கு அழிந்துவிடும். பிறகு வரும் டெக்னீஷியன் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும், அதற்கான மணிக்கூலியும் நம் தலையில்தான்.