நாரி நோவும் கைம்முறை மருத்துவமும்

மட்டக்களப்பு வாவியின் கீழைக் கரையை எழுவான்கரை என்றும், மேலைக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற பக்கம் ஒன்று. படுகின்ற பக்கம் மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் இரு கரைகளிலும் தொழில்கள் பல. ஆயினும் அத்தொழில்கள் அனைத்துக்கும் பொதுவாக வாய்த்த துன்பம் ஒன்று உண்டு. அதுவே நாரி நோவு.

படுவான்கரை உழவர் வரப்புக் கட்டுவதும் களை பிடுங்குவதும் குனிந்த நிலையிலேயே நடைபெறுகின்றன. பூச்சிமருந்துத் தாங்கியை முதுகிலே சுமந்து சேற்றில் நடக்கும்பொழுது ஒவ்வோர் அடியும் இடுப்பையே இழுக்கின்றது. வாவியிலே வீச்சுவலை எறியும் மீனவர், ஆடும் தோணியில் நின்றபடி உடலை ஒரு பக்கம் முறுக்கி மறுபக்கம் வீசுகின்றார். ஈரமேறிய வலையை மீண்டும் குனிந்து இழுக்கின்றார். கல்முனைக்கு அண்மையிலுள்ள மருதமுனையின் கைத்தறி நெசவாளரோ, நாள் முழுவதும் ஒரே பலகையில் அமர்ந்து காலால் மிதித்துக் கையால் நாடா ஓட்டுகின்றார். குனிவது, முறுக்குவது, அசையாது அமர்வது என்னும் இம்மூன்றும் நாரியின் பகைவர்கள்.

நோவு கண்டவர் பலர் முதலில் நாடுவது கடையிலே கிடைக்கும் நோ மாத்திரையை. ஒருநாள் விழுங்கினால் மறுநாள் வேலைக்குப் போக முடிகின்றது. அதனால் அது நாளாந்தப் பழக்கமாகி விடுகின்றது. டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற மாத்திரைகள் வீக்கத்தைத் தணித்து நோவைக் குறைப்பன என்பது உண்மையே. ஆனால் அவற்றை நீண்டகாலம் உண்பவருக்கு இரைப்பையில் புண் உண்டாகலாம். சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டமும் குறையலாம். கடும் வெயிலில் வியர்த்து, போதிய நீரருந்தாமல் உழைப்பவருக்குச் சிறுநீரகத்துக்கு நேரும் இவ்வாபத்து இன்னும் மிகுதியாகும். உலர்வலயத்தின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து உழவரிடையே காணப்பட்டுவரும் நாட்பட்ட சிறுநீரக நோயை இலங்கை மக்கள் அறிவர். அந்நோயின் காரணம் பற்றி ஆய்வுகள் தொடர்கின்றன. காரணம் எதுவாயினும், உலர்வலயத்து உழவர் தம் சிறுநீரகத்தை வீணே வருத்தும் பழக்கம் எதனையும் கைக்கொள்ளலாகாது என்பது தெளிவு. ஆகவே மாத்திரையின்றி நோவாற்றும் வழிகளை அறிவது வெறும் ஆர்வத்துக்குரிய செய்தியன்று. உழைத்து வாழும் குடும்பங்களின் நலத்தைப் பொறுத்த செய்தியாகும்.

நோவு எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலில் நோக்குதல் தகும். முள்ளந்தண்டில் அசையத்தக்க முள்ளென்புகள் இருபத்து நான்கு உள்ளன. கழுத்தில் ஏழு, மார்பில் பன்னிரண்டு, நாரியில் ஐந்து. இவற்றுக்கிடையே மெத்தை போன்ற வட்டத் தட்டுகள் அமைந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றன. நாரியிலுள்ள ஐந்து என்புகளே மேலுடம்பின் பாரம் முழுவதையும் ஏற்கின்றன. அவற்றை நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசைகள் முள்ளந்தண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் பின்னே நின்று இழுக்கின்றன. ஒருவர் 20 கிலோகிராம் பாரத்தை 50 சென்ரிமீற்றர் முன்னே நீட்டிப் பிடித்துத் தூக்குவாராயின், நெம்புகோல் விதிப்படி அத்தசைகள் அப்பாரத்தின் பொருட்டு மட்டும் 200 கிலோகிராமுக்கு ஈடான விசையால் இழுக்க வேண்டியிருக்கும். அதே பாரத்தை 20 சென்ரிமீற்றர் தூரத்தில் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் அவ்விசை 80 கிலோகிராமாகக் குறைந்துவிடும். பாரம் மாறவில்லை, தூக்கும் முறையே மாறியது. முழங்காலை மடக்கி, மூட்டையை உடலோடு அணைத்து, காலின் வலிமையால் எழ வேண்டும் என்று மூத்தோர் சொல்லிவந்த அறிவுரையின் கணக்கு இதுவே.

இனி, வந்த நோவைத் தணிக்கும் வழிகளைக் காண்போர்க்குத் தமிழ் மருத்துவத்தில் விரிந்த இடம் உண்டு. சித்த மருத்துவம் அகமருந்துகளை முப்பத்திரண்டாக வகுத்ததுபோலவே புறமருந்துகளையும் முப்பத்திரண்டாக வகுத்துள்ளது. ஒற்றடம், வேது, பத்து, பூச்சு, கட்டு, தொக்கணம் என்பன அவற்றுட் சில. தொக்கணம் என்பது உடம்பைப் பிடித்துவிடும் முறை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அதனை ஒன்பது வகையாகக் கூறுவர். கிராமத்துப் பரிகாரி வறுத்த தவிட்டைத் துணியிற் கட்டி ஒத்துவதும், நொச்சி இலையிட்டுக் கொதித்த நீரில் வேது பிடிப்பதும் இம்மரபின் கிளைகளே. வெப்பம் பட்ட இடத்தில் குருதியோட்டம் மிகுகின்றது; இறுகிய தசை நெகிழ்கின்றது; நோவுணர்ச்சியும் மட்டுப்படுகின்றது. இக்காலத்து மருத்துவமும் புதிதாக வந்த நாரிப்பிடிப்புக்கு வெப்ப ஒற்றடத்தை ஏற்றுக்கொள்கின்றது.

எனினும் ஒற்றடத்துக்கும் எல்லையுண்டு. விழுந்து அடிபட்டு வீங்கிய இடத்தில் முதல் ஓரிரு நாட்கள் வெப்பம் கூடாது; துணியிற் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைப்பதே நன்று. நீரிழிவால் தோலுணர்ச்சி குன்றியவருக்குச் சூட்டின் அளவு தெரியாது. அவருக்கு ஒற்றடமே தீக்காயமாகி ஆறாப் புண்ணாகலாம். ஆகையால் பிறரொருவர் தம் கையில் சூட்டைச் சோதித்த பின்னரே அவருக்கு வைக்க வேண்டும்.

முறிவு நெரிவு வைத்தியம் என்பது இலங்கையில் தமிழரிடையேயும் சிங்களவரிடையேயும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் தனிக்கலை. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றோடு நாட்டு வைத்தியத்தையும் ஏற்று, வைத்தியர்களைப் பதிவுசெய்ய வழிசெய்தது. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாயிற்று.

கையினால் என்பை நோக்கும் கலை கீழைத்தேயத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் எலும்பு பொருத்துவோர் பலர் இருந்தனர். கற்ற மருத்துவர்கள் அவர்களை இகழ்ந்து ஒதுக்கினர். ஆனால் 1867 ஆம் ஆண்டில் சேர் ஜேம்ஸ் பஜெற் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், அத்தகையோரால் குணமாகும் நோயாளர்களைப் பற்றியே ஒரு விரிவுரை ஆற்றினார். அவர்கள் விளைக்கும் தீங்குகளை எடுத்துக்காட்டிய அவர், அவர்கள் செய்யும் நன்மையைக் கற்றுக்கொள்ளுமாறும் தம் மாணவரைத் தூண்டினார். நன்மையைப் பின்பற்றித் தீமையை விலக்குக என்பதே அவர் உரையின் சாரம்.

அமெரிக்காவில் 1895 ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டானியல் டேவிட் பாமர் என்பவர் கைரோபிராக்டிக் என்னும் முறையைத் தோற்றுவித்தார். கை, செயல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களாலாகிய பெயர் அது. முள்ளென்புகள் இடம் பிசகுவதால் நரம்புகள் தடைப்பட்டு நோய்கள் உண்டாகின்றன என்றும், கையினால் அவற்றைச் சீராக்கினால் நோய் தீரும் என்றும் அவர் கருதினார். நோய்கள் பலவற்றுக்கும் முள்ளந்தண்டே மூலம் என்னும் அக்கொள்கையை அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் நாரி நோவைப் பொறுத்தவரை, பயின்ற கையால் முள்ளந்தண்டை அசைத்துவிடுவது ஓரளவு பயன் தருகின்றதென்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கொள்கை பிழைப்பினும் கை செய்த வேலை முற்றும் வீணாகவில்லை.

2020 ஆம் ஆண்டில் உலகில் 61 கோடிக்கு மேற்பட்டோர் நாரி நோவால் வருந்தினர் என்று கணிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கென வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. நோயாளருக்கு நோவைப் பற்றிய அறிவூட்டல், முறையான உடற்பயிற்சி, முள்ளந்தண்டை அசைத்துவிடும் கைம்முறை, பிடித்துவிடுதல் முதலியவற்றை அது பரிந்துரைக்கின்றது. நோ மாத்திரைகள் சிலவற்றுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் இடுப்புப் பட்டிகளையும், பாரங்கட்டி இழுத்தலையும், அபினைச் சார்ந்த நோ மருந்துகளையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அது கூறுகின்றது.

இவ்விடத்தில் பரவலான தவறான எண்ணமொன்றைக் களைதல் வேண்டும். நாரி பிடித்தால் பாயிலே அசையாது கிடக்க வேண்டும் என்று பலர் நம்புகின்றனர். ஓரிரு நாள் ஓய்வு தவறன்று. அதற்குமேற் கிடந்தால் தசை தளர்ந்து மூட்டு இறுகி, குணம் தாமதமாகும். புதிதாக வந்த நாரி நோவு பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள் தானே தணியும் இயல்புடையது. ஆகவே தாங்கத்தக்க அளவு நடமாடுவதே முதல் மருந்து. நோவு சற்றுத் தணிந்ததும் பயிற்சிகள் சிலவற்றைத் தொடங்கலாம். மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சோடு அணைத்தல் ஒன்று. முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குதல் மற்றொன்று. குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை நிமிர்த்துதல் இன்னொன்று. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை, காலையும் மாலையும் செய்தால் போதும். நோவு காலிலே இறங்குமாயின் அப்பயிற்சியை நிறுத்த வேண்டும். பயிற்சியை நேரிற் கற்க விரும்புவோர் அரசாங்க வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவை நாடலாம்.

கை எதைத் தொடலாம் என்பதை அறிவதினும், எதைத் தொடலாகாது என்பதை அறிவது முதன்மையானது. வயலிலும் சேற்றிலும் உழைப்பவருக்குக் காய்ச்சலோடு நாரி நோவும் கெண்டைக்கால் நோவும் கண்டால், அதனை உழைப்பின் களைப்பு என்று எண்ணி எண்ணெய் பூசிப் பிடித்துவிட்டுக்கொண்டிருத்தல் உயிருக்கே கேடாகலாம். எலிக்காய்ச்சல் அவ்வாறே தொடங்குகின்றது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள சிறு கீறலின் வழியே கிருமி உடலுட் புகுகின்றது. கண் சிவத்தல், கடும் தலைவலி, சிறுநீர் குறைதல் என்பன அதன் பிற குறிகள். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் அந்நோய் பெருமளவிற் பரவி, ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நோய் கண்டவராக ஐயுறப்பட்டனர். தொடக்கத்திலேயே வைத்தியசாலைக்குச் சென்றால் அது குணமாகத்தக்க நோய். தாமதித்தால் சிறுநீரகத்தை அழிக்கும். வயலில் இறங்குமுன் தடுப்பு மருந்து பெறுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிதல் உழவர் கடன். டெங்குக் காய்ச்சலிலும் உடல் நோவு மிகுதி. அப்பொழுது அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்ளோபினாக் போன்றவற்றை உண்டால் குருதிப்போக்கு உண்டாகும் அபாயம் இருக்கின்றது.

வேறு சில குறிகளும் உள்ளன. நாரி நோவோடு சிறுநீர் கழிக்க முடியாமற் போதல் அல்லது தன்னையறியாது கழிதல், இரு தொடைகளுக்கிடையே உணர்ச்சி மரத்தல், கால் வலிமை குன்றுதல் ஆகியன தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். உடல் மெலிவோடு நெடுநாட் காய்ச்சலும் இரவிலே மிகும் நோவும் முள்ளந்தண்டின் காசநோயையோ புற்றுநோயையோ குறிக்கலாம். என்பு தேய்ந்த முதியவர் வழுக்கி விழுந்தபின் வரும் நோவு முறிவாக இருக்கலாம். இவர்களை எவரும் முறுக்கியோ மிதித்தோ பார்த்தலாகாது. கழுத்தைத் திடீரெனத் திருப்பிச் சொடுக்குவது, அரிதாகவேனும் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயைக் கிழித்துப் பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். முடி திருத்துமிடத்திலும் விளையாட்டுக்காகவும் அதைச் செய்விப்போர் இதனை உணர வேண்டும்.

கை கால் முறிந்தவிடத்து முதலில் எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தல் அறிவுடைமை. மட்டை வைத்துக் கட்டியபின் விரல்கள் வெளியே தெரிய வேண்டும். அவை குளிர்ந்தாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, நோவு வரவரக் கூடினாலோ கட்டு இறுகிவிட்டது என்பது பொருள். உடனே கட்டைத் தளர்த்தி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லாவிடின் அவயவத்தையே இழக்க நேரிடும். நல்ல பரிகாரி இதனை நன்கறிவார். தம்மால் ஆகாததை ஆகாதென்று கூறி, உரிய இடத்துக்கு அனுப்புவதே அவருடைய தேர்ச்சிக்குச் சான்று.

நோவற்ற உழைப்பு உலகில் இல்லை. ஆனால் நோவைத் தணிக்கும் வெப்பமும், பயின்ற கையும், ஒழுங்கான அசைவும் ஏழை எளியவர்க்கும் எட்டக்கூடியவை. அவற்றைத் தக்க இடத்திற் கைக்கொண்டு, ஆபத்தின் குறி கண்டவிடத்து வைத்தியசாலையை நாடினால், மரபும் அறிவியலும் ஒன்றுக்கொன்று துணையாகும். எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், நிமிர்ந்து நின்று உழைக்கும் நாரியே ஒரு குடும்பத்தின் முதல். அதனைக் காத்தல் அக்குடும்பத்தார் அனைவரின் கடமையாகும்.