கோல் போஸ்ட்டுல ஒரு சேட்டன்!

உங்க காலேஜ் கிரவுண்டுல டீம் பிரிக்கும்போது கவனிச்சுப் பாருங்க பாஸ். நல்லா ஓடுறவன் ஃபார்வர்டு. ஆள் வாட்டசாட்டமா இருந்தா டிஃபென்ஸ். கடைசியா ஒருத்தன் மிஞ்சுவான். "டேய், நீ கோல்கீப்பரா நில்லுடா!" அவ்வளவுதான், முடிஞ்சது கதை. ஜெயிச்சா கோல் போட்டவனைத் தோள்ல தூக்கிட்டு ஓடுவாங்க. தோத்தா? கேன்டீன் வரைக்கும் கோல்கீப்பருக்குத்தான் அர்ச்சனை!

அந்த வேலையையே பதினெட்டு வருஷம் இந்தியாவுக்காகப் பார்த்த ஒருத்தர்தான் பி.ஆர்.ஸ்ரீஜேஷ். ரெண்டு ஒலிம்பிக் வெண்கலம், 336 சர்வதேச ஹாக்கி மேட்ச். நம்ம மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கும் வந்துட்டுப் போயிருக்கார். அதுக்குப் பிறகு வருவோம்.

எர்ணாகுளம் பக்கத்துல கிழக்கம்பலம்னு ஒரு ஊர். 1988-ல் பிறந்த ஸ்ரீஜேஷுக்கு அப்பா விவசாயி. பையன் முதல்ல ஓட்டப்பந்தயம், லாங் ஜம்ப், வாலிபால்னு எல்லாத்துலயும் தலையைக் காட்டியிருக்கான். 12 வயசுல திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்ல சேர்ந்தப்புறம்தான் ஹாக்கி. ஏன் ஹாக்கி? போர்டு எக்ஸாம்ல கிரேஸ் மார்க் கிடைக்குமேன்னுதான்! ஏன் கோல்கீப்பர்? அதிகமா ஓட வேண்டாமே! இதை அவரே பேட்டிகள்ல சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கார். நம்மாளுதான்னு இப்பவே தோணுதுல்ல?

ஆனா ஓடாம நிக்கிற வேலைக்குத்தான் செலவு ஜாஸ்தி. மத்தவங்களுக்கு ஒரு ஸ்டிக்கும் ஷூவும் போதும். கோல்கீப்பருக்கு ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், கைக்கு, காலுக்கு, பாதத்துக்குன்னு தனித்தனியா வேணும். மகனுக்கு அந்த கிட் வாங்க அப்பா வீட்டுப் பசுவை வித்தார். கிரேஸ் மார்க்குக்காகப் போன பையனுக்கு விளையாட்டு விளையாட்டா இல்லாமப் போனது அநேகமா அன்னைக்குத்தான்.

அந்தக் கவசமெல்லாம் எதுக்குன்னு கேக்குறீங்களா? ஒரு சின்னக் கணக்கு. பெனால்டி கார்னர்ல டிராக் ஃபிளிக் அடிக்கிறப்போ பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல பறக்கும். அடிக்கிற இடத்துக்கும் கோலுக்கும் நடுவுல சுமார் 15 மீட்டர். அதாவது கோல்கீப்பருக்குக் கிடைக்கிற நேரம் அரை விநாடி! அதுக்குள்ள 12 அடி அகலம், 7 அடி உயரம் உள்ள கோல்ல பந்து எந்த மூலைக்கு வருதுன்னு கண்டுபிடிச்சு, இவ்வளவு மூட்டையோட அங்கே போய்ச் சேரணும். பார்த்துட்டு நகர்ந்தா லேட். அடிக்கிறவனோட இடுப்பு, மணிக்கட்டு திரும்புறதை வெச்சு முன்னாடியே படிக்கணும்.

2006-ல் கொழும்பு தெற்காசியப் போட்டியில இந்திய அணிக்குள்ள வந்தார். வந்தவுடனே ஹீரோ ஆகலை. ஃபார்வர்டுன்னா ஒரே மேட்ச்ல மூணு பேரை மாத்தி மாத்தி இறக்கலாம். கோல்கீப்பர் இடம் ஒண்ணே ஒண்ணு. முன்னாடி சீனியர்கள் இருந்தா பெஞ்சுதான். இப்படியே வருஷக்கணக்கா ஓடுச்சு. 2012 லண்டன் ஒலிம்பிக்ல வாய்ப்பு வந்தா, இந்தியா எல்லா மேட்சும் தோத்து கடைசி இடம், பன்னிரண்டாவது! எட்டு தங்கம் ஜெயிச்ச நாட்டோட டீம் அப்போ இருந்த நிலைமை அது.

திருப்பம் 2014 இன்சியான் ஆசியப் போட்டி. ஃபைனல்ல எதிரே பாகிஸ்தான். 1-1. ஷூட்-அவுட். ஹாக்கி ஷூட்-அவுட் தெரியுமில்ல? 23 மீட்டர் கோட்டுலேர்ந்து ஒருத்தன் பந்தைத் தள்ளிக்கிட்டு வருவான், எட்டு விநாடிக்குள்ள கோல் போடணும், நடுவுல நிக்கிறது கோல்கீப்பர் மட்டும்தான். ஸ்ரீஜேஷ் ரெண்டைத் தடுத்தார். 16 வருஷத்துக்கப்புறம் ஆசியத் தங்கம், கூடவே ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடி டிக்கெட்! ரியோவுல அவர்தான் கேப்டன். 2017-ல் முழங்கால் தசைநார் கிழிஞ்சு மாசக்கணக்கா வெளியே. 'இனி அவ்வளவுதான்'னு பேசினவங்க உண்டு.

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. வெண்கலத்துக்கான மேட்ச். இந்தியா 5, ஜெர்மனி 4. கடிகாரத்துல ஆறு விநாடிதான் பாக்கி. ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர். இதைவிட மோசமான ஆறு விநாடி ஒரு கோல்கீப்பருக்கு வரவே முடியாது. பந்து வந்தது... தடுத்தார்! 41 வருஷம் கழிச்சு ஹாக்கியில மெடல். அடுத்து மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? கோல் போஸ்ட் மேலே ஏறி உட்கார்ந்துட்டார்!

என்னைக் கேட்டா, டோக்கியோவைவிடப் பெரிய ஆட்டம் பாரிஸ்ல நடந்தது. 2024 காலிறுதி, பிரிட்டனுக்கு எதிரா. 17-வது நிமிஷமே அமித் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. மிச்சம் 43 நிமிஷமும் பத்தே பேர். சுத்திச் சுத்தி அடிச்சும் பிரிட்டனுக்கு ஒரு கோலுக்கு மேல கிடைக்கலை. ஷூட்-அவுட்ல 4-2 இந்தியாவுக்கு. அப்புறம் ஸ்பெயினை ஜெயிச்சு வெண்கலம். அதோட ரிட்டயர்மென்ட்.

இங்கே இன்னொரு மனுஷனைச் சொல்லாம விட்டா பாவம். ஸ்ரீஜேஷுக்கு முன்னாடி ஒலிம்பிக் மெடல் வாங்கின கேரளக்காரர் ஒரே ஒருத்தர்தான். கண்ணூர் மானுவல் ஃப்ரெடெரிக், 1972 மியூனிக் வெண்கலம். அவரும் கோல்கீப்பர்! இன்னைக்கு இருக்கிற மாதிரி கவசமெல்லாம் இல்லாத காலம். அவருக்கு தயான்சந்த் விருது கிடைச்சது 2019-ல். மெடல் வாங்கி 47 வருஷம் கழிச்சு! 2025 அக்டோபர்ல பெங்களூருல காலமானார். ஸ்ரீஜேஷுக்கு கேல் ரத்னா, பத்மபூஷண், அரசு வேலைன்னு எல்லாம் கையோடு கிடைச்சது சந்தோஷம்தான். ஃப்ரெடெரிக்கோட கணக்கை யார் தீர்க்கிறது?

சரி, மதுரைக்கு வருவோம். 2025 நவம்பர், டிசம்பர்ல ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலயும் மதுரையிலயும் நடந்துச்சே, 24 டீம்! அதுக்காகவே ரேஸ்கோர்ஸ்ல புது ஸ்டேடியம். டிசம்பர் 2-ம் தேதி அங்கே சுவிட்சர்லாந்தை 5-0-ன்னு இந்தியா சாத்துச்சு. அந்தப் பசங்களோட கோச் நம்ம ஸ்ரீஜேஷ். மூணே நாள்ல சென்னையில பெல்ஜியத்தோட காலிறுதி, 2-2, திரும்பவும் ஷூட்-அவுட்! இந்தத் தடவை கோல்ல நின்னது பிரின்ஸ்தீப் சிங். சேட்டன் கோட்டுக்கு வெளியே. 4-3 ஜெயம். அரையிறுதியில ஜெர்மனி போட்டு வெளுத்தாலும், அர்ஜென்டினாவுக்கு எதிரா 0-2-ல இருந்து கடைசி குவார்ட்டர்ல நாலு கோல் போட்டு வெண்கலம் வாங்கிட்டாங்க.

அவரோட ஜெர்ஸி நம்பர் 16. சீனியர் அணியில இனி யாருக்கும் அந்த நம்பர் கிடையாதுன்னு ஹாக்கி இந்தியா அறிவிச்சிருச்சு. ஜூனியர் டீமுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. மதுரையிலேர்ந்து தெற்கே பஸ் ஏறினா, ஹாக்கின்னா உயிரை விடுற கோவில்பட்டி வந்துடும். அங்கே சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனா, கோல் போஸ்ட் பக்கம் போய் நில்லுங்க பாஸ். பந்து எவ்வளவு வேகமா வருதுன்னு அங்கேருந்துதான் தெரியும்.