நாய்க்குட்டியும் முற்றத்து மணலும்

இலங்கையின் பெயரைத் தாங்கிய புழுவொன்று உண்டு. இந்நாட்டுப் புனுகுப்பூனையொன்றிற் கிடைத்த கொழுக்கிப்புழுவுக்கு, ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1911ஆம் ஆண்டில் ‘அன்சைலோஸ்டோமா சிலானிக்கம்’ எனப் பெயரிட்டார். நாய், பூனை, மனிதர் என்ற வேற்றுமை பாராது குடலில் வாழவல்லது அது.

நாயின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் ஈரமணலிற் பொரிக்கின்றன. வெளிவரும் நுண்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்! குட்டிக்கோ இரத்தமிழப்பே எமனாகும். ஈறு வெளிறியிருப்பின் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும்.

வட்டப்புழுவோ தாய்வயிற்றிலேயே குட்டியைப் பற்றிவிடுகிறது. உப்பிய வயிற்றைக் கண்டு, ‘நன்றாக உண்கிறது’ என்று மகிழ்வோர் பலர். அஃது அநேகமாகப் புழுவின் வேலையே. ஆதலால், குட்டி பிறந்து 2 வாரத்தில் பூச்சிமருந்தைத் தொடங்கி, 8 வாரம்வரை இரு வாரத்துக்கொருமுறையும், பின்னர் 6 மாதம்வரை மாதந்தோறும் கொடுத்தல் நன்று. தாய்க்கும் உடன் கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கொருமுறை போதும். மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. அயல்வீட்டார் சொன்ன கணக்கு உதவாது.

கொழுக்கிப்புழுவின் முட்டை பொரித்துத் தொற்றும் நிலையடைய ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். மலத்தை அன்றன்றே அள்ளி அகற்றும் வீட்டில் அதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.