ஈயம் பட்ட தங்கம்

உம்மம்மாவின் பழைய தோட்டை உருக்கி மோதிரம் செய்யக் கொடுத்தோம். உருக்கி எடுத்த கட்டியில் சுத்தியல் பட்டதும் அது வெடித்துத் துண்டாயிற்று. "எண்ட உம்மா தந்தது கள்ளப் பவுணா?" என்று உம்மம்மா கலங்கிப்போனார். பத்தர் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பவுண் நல்லதுதான், ஈயம் பட்டிருக்கு" என்றார். தங்கமும் மென்மையானது, ஈயமும் மென்மையானது. இரண்டும் சேர்ந்தால் உடைவது ஏன்?

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காக அமைந்துள்ளன. அடிக்கும்போது ஓர் அடுக்கு மற்றதன்மீது வழுக்கிச் செல்கிறது. இலத்திரன்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுவானவை என்பதால் பிணைப்பு அறுவதில்லை. எனவேதான் தங்கத்தைத் தகடாக அடிக்கவும் கம்பியாக இழுக்கவும் முடிகிறது.

கலப்புலோகங்கள் எல்லாமே நொறுங்குவதில்லை. 22 கரட் நகையில் 24 பங்கில் 22 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். செப்பு அணு தங்க அணுவின் இடத்திலேயே அமர்ந்துகொள்கிறது. அதைவிடச் சிறியதாகையால் வழுக்குதலைச் சற்றுத் தடுக்கிறது. நகை வன்மையாகிறது, உடைவதில்லை.

அலுமினியம் அப்படியல்ல. ஒரு தங்க அணுவுக்கு இரண்டு அலுமினிய அணுக்கள் சேர்ந்தால் ஊதா நிறமான புதிய சேர்வை உண்டாகிறது. நிறைப்படி அதில் ஏறத்தாழ 78.5% தங்கம்தான். ஆனால் அங்கே ஒவ்வோர் அணுவுக்கும் தனக்கென ஓர் இடமுண்டு. அடுக்குகள் எளிதில் வழுக்கா. அடித்தால் நொறுங்கிவிடும்.

ஈயத்தின் கதை வேறு. திண்மத் தங்கத்தில் ஈயம் கரைவது மிக அரிது. உருகிய தங்கம் சிறு சிறு பளிங்கு மணிகளாக உறையும்போது ஈயம் வெளியே ஒதுக்கப்படுகிறது. அது கடைசியில், மணிகளின் எல்லைகளில், தங்கத்தோடு சேர்ந்து நொறுங்கும் படலமாக உறைகிறது. கற்கள் உறுதியாயிருந்தும் சாந்து பழுதான சுவர் இடிவதைப் போன்றதே இது. நூற்றில் ஒரு பங்கை விட மிகக் குறைந்த ஈயமே இதற்குப் போதும்.

அந்த ஈயம் எப்படி வந்தது? வீட்டில் விசாரித்தபோது மாமா தலையைச் சொறிந்தார். முன்பொருநாள் தோட்டின் தண்டு கழன்றபோது, வானொலி திருத்தும் பற்றாசை வைத்து ஒட்டியவர் அவர்தான். பற்றாசு ஈயமும் வெள்ளீயமும் கலந்தது.

தங்கத்தைச் சுத்திகரித்தபின் மோதிரம் நன்றாகவே அமைந்தது. நகையை உருக்கக் கொடுக்குமுன், எங்காவது பற்றாசு வைத்திருந்தால் பத்தரிடம் சொல்லிவிடுங்கள். உம்மம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "உங்கட உம்மா தந்தது நல்ல பவுண். பிழை ஒட்டினதில."