வாசலில் உறங்கும் லொறிக்கு யார் பொறுப்பு?



இரவு பத்து மணிக்குப் பிறகு கொழும்பு புறக்கோட்டையை அண்டிய குடியிருப்புத் தெருக்கள் பக்கம் போயிருக்கிறீர்களா? கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருக்கும். பகலில் நெருக்கித் தள்ளிய சனம் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் தெரு மட்டும் காலியாக இராது. ஓரமெல்லாம் லொறிகள்! தார்ப்பாய் கட்டிய சாமான் லொறிகள், விடியட்டும் என்று காத்திருக்கும் சீமெந்து லொறிகள், கொள்கலன் வண்டிகள். மனிதர் உறங்கும் வீடுகளின் வாசலிலேயே அவையும் உறங்குகின்றன.

“இரவில்தானே நிற்கின்றன, யாருக்கு என்ன இடைஞ்சல்?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரிய லொறி ஒன்றின் அகலம் ஏறத்தாழ 8 அடி. 20 அடி அகலமான தெருவில் இரு பக்கமும் ஒவ்வொன்று நின்றால் 16 அடி போய்விடும். மிஞ்சுவது 4 அடி. ஒரு ஓட்டோகூட உரசாமல் போக முடியாது. தீயணைப்பு வண்டியும் ஒரு லொறிதானே? அதற்கும் அதே 8 அடி வேண்டும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். நடுச்சாமத்தில் உங்கள் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி. 2016ஆம் ஆண்டு ஆரம்பமான 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குப் போன் பண்ணுகிறீர்கள். வண்டி வருகிறது, தெரு முனையில் நின்றுவிடுகிறது. உள்ளே வர வழியில்லை. நோயாளியைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தீப்பிடித்தாலோ கதிரையில் தூக்கவும் வழியில்லை. 110க்கு எத்தனை தரம் அழைத்தாலும் வண்டி வந்து சேரும் பாதை அடைபட்டிருந்தால் என்ன பயன்?

விடிந்தால் வேறு கவலைகள்

இந்த லொறிகளில் பெரும்பாலானவை காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக் உள்ளவை. இரவெல்லாம் நின்ற லொறியைக் கிளப்புமுன், காற்றுத் தொட்டி நிரம்பும் வரை என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு ஜன்னலடியில் கேட்கும் அந்த உறுமலுக்குக் காரணம் இதுதான். சாரதி வேண்டுமென்று செய்வதல்ல. ஆனால் அந்தப் புகை நேரே தொட்டில் கிடக்கும் அறைக்குள் வருகிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டு அறிவித்துவிட்டது.

பிறகு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். நடைபாதையை லொறி பிடித்துக்கொண்டால் பிள்ளை நடுத்தெருவில்தான் நடக்க வேண்டும். இரண்டு லொறிகளுக்கு இடையிலிருந்து தெருவைக் கடக்க எட்டிப் பார்க்கும் சின்னப் பிள்ளையை எதிரே வரும் சாரதிக்குத் தெரியாது. பிள்ளைக்கும் வண்டி தெரியாது. இருட்டில் பின்விளக்கோ, ஒளி தெறிக்கும் பட்டியோ இல்லாமல் நிற்கும் லொறியின் பின்புறத்தில் மோதிய மோட்டார் சைக்கிள்காரரின் கதையையும் கேட்டிருப்பீர்கள். பாரந்தாங்காமல் உடைந்துபோன கான் மூடிகளைப் பற்றியோ சொல்லத் தேவையில்லை.

சாரதியின் பக்கமும் நியாயம் உண்டு

ஒரு நாள் எங்கள் தெருவில் நின்ற லொறிச் சாரதி ஒருவரிடம் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். அவர் சொன்ன பதில் என் வாயை அடைத்துவிட்டது. “எங்க கொண்டு போய் நிப்பாட்டச் சொல்றீங்க நானா? விடியக் காலைல சாமான் இறக்கணும். தூரத்துல நிப்பாட்டினா ட்ராஃபிக்ல மாட்டிக்குவேன். லொறிய விட்டுட்டுப் போனா பெட்டரிய கழட்டிட்டுப் போயிருவாங்க. நானும் இதுக்குள்ளதான் படுக்கிறேன். முகம் கழுவக் குழாய்கூட இல்ல.”

யோசித்துப் பாருங்கள் வாசகர்களே! அரிசியும் பருப்பும் சீனியும் நம் அடுப்படிக்கு வருவது அந்த லொறியில்தான். அவரைத் துரத்திவிட்டால் பக்கத்துத் தெருவில் போய் நிற்பார். நம் வாசல் வெளிக்கும். இன்னொருவர் வாசல் அடைபடும். இதற்குப் பெயர் தீர்வா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. தெருவில் பிறருக்கு இடைஞ்சலாக வாகனத்தை நிறுத்துவது குற்றந்தான். ஆனால் தண்டச் சீட்டு சாரதியின் கைக்கு வருகிறது. லொறியை வாங்கி ஓடவிடும் முதலாளியிடம், “இது இரவில் எங்கே நிற்கும்?” என்று கேட்பார் யாருமில்லை. கோளாறு இங்கேதான் இருக்கிறது.

பிற நாடுகளில் எப்படி?

ஜப்பான் 1962ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாகனம் வாங்குபவர் அதை நிறுத்தி வைக்கத் தெருவல்லாத ஓர் இடம் தமக்கு இருப்பதாகக் காட்ட வேண்டும். பொலிஸாரும் அதற்கு அத்தாட்சி தருவார்கள். இரவில் ஒரே இடத்தில் தெருவில் 8 மணி நேரம் நிறுத்தி வைப்பதும் குற்றம். சிங்கப்பூரில் கனரக வாகனச் சொந்தக்காரர் தகுந்த தரிப்பிடம் ஒன்றைப் பெற்று, அதற்கான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். நியூயோர்க் நகரில் குடியிருப்புத் தெருக்களில் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை வர்த்தக வாகனங்களை நிறுத்தத் தடை.

முதலிரண்டு நாடுகளிலும் பொறுப்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். சாரதியின் தலையில் அல்ல, சொந்தக்காரரின் தலையில். அதுவும் வாகனம் தெருவுக்கு வந்த பிறகல்ல, வருமுன்னரே!

நம் நாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. புறக்கோட்டையில் இருந்த மொத்த மீன் சந்தை 2011ஆம் ஆண்டு பேலியகொடைக்குப் போனது. மெனிங் சந்தைக்குப் பதிலாகப் புதிய மரக்கறிச் சந்தையும் 2020ஆம் ஆண்டு அங்கேயே திறக்கப்பட்டது. இவற்றுக்குச் சாமான் கொண்டுவரும் லொறிகள் நகரின் நடுவுக்கே வரவேண்டிய தேவை குறைந்தது. போக ஓர் இடம் இருந்தால் லொறியும் போகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

செய்ய வேண்டியது என்ன?

நகரத்தின் விளிம்பில் விளக்கும் காவலும் குழாயும் மலசலகூடமும் உள்ள தரிப்பிடங்கள் முதலில் வேண்டும். அதற்குப் பிறகே குடியிருப்புத் தெருக்களில் இராத் தடை. தடைக்கு முன் இடம். இந்த வரிசை மாறக் கூடாது. சாமான் இறக்கும் வண்டிகளுக்குக் கடைத்தெருவில் நேரம் குறித்துக் கொடுக்கலாம். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது, லொறி இரவில் நிற்கும் இடத்தையும் சொந்தக்காரர் காட்ட வேண்டும் என்று விதிக்கலாம்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. நித்திரையில் கிடக்கும் சாரதியோடு சண்டை பிடிக்காதீர்கள். லொறியின் இலக்கத்தையும் நின்ற நேரத்தையும் குறித்து, தெருவார் எல்லோரும் கையொப்பமிட்டு, மாநகர சபைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் கொடுங்கள். ஒருவர் முறையிட்டால் அது கோபம். ஒரு தெருவே முறையிட்டால் அது கோரிக்கை.

இதை வாசிக்கும் உங்களில் லொறி முதலாளிமாரும் இருப்பீர்கள். உங்களிடம் ஒரேயொரு கேள்வி. இன்றிரவு உங்கள் லொறி எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் சொந்த வாசலில் அதை நிறுத்த நீங்கள் சம்மதிப்பீர்களா?