சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம்

லயத்து வீட்டில் கூரை ஒழுகினால் நாம் என்ன செய்வோம்? காலையில் பெரட்டில் நிற்கும்போது கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்வோம். அவர் மானேஜரிடம் சொல்வார். ஆள் உடனே வந்தாலும் வரும், மாதக் கணக்கில் வராமலும் போகும். ஆனால் அது நிர்வாகத்தின் வீடு. பழுது பார்ப்பது அவர்கள் பொறுப்பு. 1990-ம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

இப்படி வாய்ச் சொல்லிலேயே மூன்று தலைமுறை பழகிவிட்ட நாம், இன்று தோட்டத்தை விட்டு வெளியேறிச் சொந்த வீடு வாங்குகிறோம். சேமநிதிப் பணம், கூட்டுச் சீட்டுப் பணம், மகளின் நகை எல்லாம் சேர்ந்துதான் அந்த வீடு. புதுமனை புகுவிழா வைத்து, பால் காய்ச்சி, நாலு பேருக்குச் சோறும் போட்டாயிற்று. முதல் மழையில் மாடி அறைச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது. உடனே என்ன செய்கிறோம்? மேம்பாட்டு நிறுவனத்தின் ஆபீசுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டு வருகிறோம். “சொல்லியாச்சுங்க, ஆள் அனுப்புறேன்னாங்க” என்கிறோம். ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் இதே பதில்தான்!

தோழர்களே, அந்த வாய்ச் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. எழுதிக் கொடுத்த காகிதத்துக்குத்தான் மதிப்பு.

உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனம் கட்டி விற்கும் வீட்டுக்கு ஓர் உத்தரவாதம் உண்டு. 1966-ம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தத்திலேயே அது அச்சாகியிருக்கிறது. வீடு நம் கைக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதம் வரை, மட்டமான வேலையாலோ மட்டமான சாமானாலோ ஏற்படும் குறை எதுவானாலும் அவர்கள் தம் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும். சுவர் விரிசல், கூரை ஒழுகல், குளியலறைத் தண்ணீர் ஓடாமல் தேங்குவது, உள்ளே வெற்றாக இருந்து தட்டினால் ‘டொக் டொக்’ என்று சத்தம் போடும் தரைக் கல், மூடாத கதவு எல்லாம் இதில் அடங்கும். நாம் எழுத்து மூலம் புகார் கொடுத்த 30 நாளுக்குள் வேலையை முடிக்க வேண்டும். சொந்த நிலத்தில் நாமே ஒரு குத்தகையாளரை வைத்துக் கட்டிக்கொள்ளும் வீட்டுக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

30 நாள் ஆகியும் ஆள் வரவில்லை என்றால்? இங்கேதான் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டு விலையில் 5 விழுக்காடு நிறுவனத்தின் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவர்களுடைய வழக்கறிஞரிடம் பொதுவில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 2 லட்சம் வெள்ளி வீடு என்றால் அது 10,000 வெள்ளி! வீடு ஒப்படைத்து 8 மாதம் கழிந்ததும் அதில் பாதியும், 24 மாதம் கழிந்ததும் மீதிப் பாதியும் அவர்களுக்குப் போகும். அதற்குள் நாம் வேறு ஒரு குத்தகையாளரிடம் செலவுக் கணக்கு எழுதி வாங்கி, இன்ன தொகை ஆகும் என்று நிறுவனத்துக்குத் தெரிவித்து, இன்னும் ஒரு முறை அவகாசம் கொடுக்க வேண்டும். அப்போதும் அசையாவிட்டால், நாமே வேலையைச் செய்துகொண்டு, நிறுத்தி வைத்த அந்தப் பணத்திலிருந்து செலவைக் கேட்டுப் பெறலாம். ஒப்பந்தமே அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் முதல் கடிதமே கொடுக்காமல் எட்டு மாதத்தைக் கடத்திவிட்டால், பாதிப் பணம் கையை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே சாவி வாங்கிய முதல் வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் பாருங்கள். குழாயைத் திறந்து விட்டுப் பாருங்கள். ஒரு கம்பை வைத்துத் தரைக் கல்லைத் தட்டிப் பாருங்கள். கைப்பேசியில் படம் பிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? குறைகளை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றில் நிறுவனத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினாலும் சரிதான், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எழுத்து வராதவர்கள் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லலாம். மலாய் மொழியில் ஒரு பக்கம் போதும்.

இன்னொன்று. சாவி எடுத்த மறுமாதமே அடுக்களைச் சுவரை இடித்துப் பின்பக்கம் நீட்டுகிற அவசரம் நமக்கு அதிகம். வீட்டைச் சோதித்துப் புகார் கொடுக்கும் முன் இடித்துவிட்டால், “விரிசல் உங்கள் கொத்தனார் வேலையால் வந்தது” என்று சொல்லிவிடுவார்கள். அதை மறுக்க நம்மிடம் என்ன இருக்கும்? அதேபோல, சாவி எடுக்க வரச்சொல்லிக் கடிதம் வந்தும் “நல்ல நாள் பார்த்துப் போகலாம்” என்று தள்ளிப்போட்டாலும், கடிதத்தில் கண்ட கெடு முடிந்ததும் வீடு ஒப்படைக்கப்பட்டதாகவே கணக்கு. நாம் குடியேறும் முன்பே 24 மாதம் ஓடத் தொடங்கிவிடும்.

நிறுவனம் எதற்கும் மசியவில்லை என்றால் வீடமைப்பு அமைச்சின் கீழ் வீடு வாங்குவோருக்கான தீர்ப்பாயம் இருக்கிறது. 2002 டிசம்பரிலிருந்து நடக்கிறது. மனுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, நம் பேச்சை நாமே பேசலாம். ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனுச் செய்தாக வேண்டும்.

விரிசல் என்றதும் டிங்கில் தாமான் பெர்மாத்தா நினைவுக்கு வராத தோட்டத் தொழிலாளி உண்டா? புத்ராஜெயா கட்டுவதற்காகப் பெராங் பெசார், காலோவே, மாடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டு, அந்த அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். சுவரெல்லாம் வெடிப்புக் கண்டது. தரை வீடு கேட்டு ஆண்டுக் கணக்கில் போராட வேண்டியதாயிற்று. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம் கொடுத்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், தனியாகப் போய் வீடு வாங்குகிறவர் எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும்!

இனி வரிச் சலுகைக்கு வருவோம். முதல் வீடு வாங்குவோருக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரிக் கழிவு என்று பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 5 லட்சம் வெள்ளிக்கு உட்பட்ட முதல் வீடாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் 2025 ஜனவரி முதல் 2027 டிசம்பருக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் கட்டிய கடன் வட்டியில் ஆண்டுக்கு 7,000 வரை, மூன்று ஆண்டுகளுக்குக் கழிவு உண்டு. அரசாங்கம் 7,000 வெள்ளியைக் கையில் கொடுக்கும் என்று நம்மில் சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. வருமானக் கணக்கில்தான் அந்தத் தொகை குறையும். மாதம் 1,700 வெள்ளி சம்பளத்தில் செம்பனை வெட்டுகிறவருக்கு வருமான வரியே வராது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

அதே வீட்டில் பட்டணத்து ஆபீசில் வேலை செய்யும் மகனோ மகளோ மாதம் 5,000 வெள்ளி வாங்கினால், தனிநபர் கழிவும் சேமநிதிக் கழிவும் போக அவர் நிற்கும் படியில் வரி 6 விழுக்காடு. 7,000 கழிவால் அவருக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு 420 வெள்ளி. மூன்று ஆண்டில் 1,260. வேண்டாம் என்று சொல்லக்கூடிய தொகை இல்லை. ஆனாலும் பேச்சில் கேட்ட 7,000 வேறு, பையில் விழும் 420 வேறு.

நம்மைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய சலுகை முத்திரை வரியில் இருக்கிறது. வரி கட்டாத ஏழைத் தொழிலாளிக்கும் அது உண்டு. 2 லட்சம் வெள்ளி வீட்டைப் பெயர் மாற்ற முத்திரை வரி 3,000 வெள்ளி. 1 லட்சத்து 80 ஆயிரம் கடன் பத்திரத்துக்கு 900 வெள்ளி. ஆக 3,900 வெள்ளி. முதல் வீடு, விலை 5 லட்சத்துக்குள் என்றால் இரண்டும் முழுதாகத் தள்ளுபடி. 2025-ல் முடிய இருந்த இச்சலுகையை 2027 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள்.

முதல் வீடு என்பதில்தான் சிக்கல். இதற்கு முன் எந்தக் குடியிருப்பு வீட்டிலும் பெயர் இருந்திருக்கக் கூடாது. தனிப் பெயரிலும் கூடாது, கூட்டுப் பெயரிலும் கூடாது. அப்பா இறந்து வாரிசாக வந்த வீடும், அன்பளிப்பாக வந்த வீடும் கணக்கில் சேரும். நம் வீடுகளில் நடப்பது என்ன? அப்பா மலிவு விலை வீடு வாங்கும்போது, “பேங்கில் கடன் கிடைக்கும், தம்பி பெயரையும் போட்டுவிடு” என்கிறோம். அந்தத் தம்பி பத்து வருஷம் கழித்துக் கல்யாணம் முடித்துத் தனக்கென்று வீடு தேடும்போது, 42 வயது ஆனாலும் 24 வயது ஆனாலும், அவனுக்கு அது முதல் வீடு ஆகாது. முத்திரை வரிச் சலுகையும் போச்சு, வட்டிக் கழிவும் போச்சு. பாசத்தில் போட்ட கையெழுத்துக்குக் கொடுக்கும் விலை அது! வேறு வழியே இல்லையென்றால் போடத்தான் வேண்டும். ஆனால் தெரிந்துகொண்டு போடுங்கள்.

விற்கப் போகிறவர்களுக்கும் சில வார்த்தை. வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால், லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்கு வரி இல்லை. 2022-லிருந்து இப்படி. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, குடியிருந்த வீட்டை விற்கும்போது வரி விலக்குக் கேட்கவும் உரிமை உண்டு. ஆறாம் ஆண்டில் விற்கிறவர் அந்த ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டியதில்லை. வரி வராவிட்டாலும் வருமான வரி வாரியத்துக்குக் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

பழைய வீட்டை ஒருவர் கையிலிருந்து வாங்குகிறவருக்கு அந்த 24 மாதச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ‘இருக்கிறது இருக்கிறபடி’ என்றுதான் ஒப்பந்தம் எழுதுவார்கள். விற்கிறவர் வெள்ளையடித்துக் காட்டுவார். எனவே மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஒரு கொத்தனாரையும் வயரிங் ஆளையும் கூட அழைத்துப் போங்கள். நில வரி, ஊராட்சி வரி, தண்ணீர், மின்சாரப் பாக்கி ரசீதுகளைக் கேளுங்கள். மலிவு விலை வீட்டுக் கிராந்துகளில் மாநில அரசின் அனுமதியின்றி விற்க முடியாது என்ற கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் கிராந்தின் நகலை வாங்கி, விவரம் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கிராந்தில் வரும் கட்டுப்பாடுகளைப் பற்றி அடுத்த வாரம் எழுதுவோம்.