பேச்சு தடுமாறினால் டாக்டர் ஆகக்கூடாதா?

பத்தாம் வகுப்பு முடிகிறது. "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று வாத்தியார் கேட்கிறார்.

மற்றப் பிள்ளைகள் பளிச்சென்று பதில் சொல்லுவார்கள். திக்குவாய்ப் பையனுக்கோ முதல் எழுத்தே வராது. அவன் சொல்லி முடிப்பதற்குள், "உனக்குப் பேச்சு இல்லாத வேலைதான் சரி" என்று மற்றவர்களே முடிவு கட்டிவிடுவது உண்டு.

திருமுல்லைவாயிலில் இப்படி யோசனை சொல்வது சுலபம். பக்கத்திலேயே அம்பத்தூர். 1964-ல் ஏற்பட்ட தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. மிஷினோடு பேச வேண்டியது இல்லை அல்லவா?

டர்னர், பிட்டர் வேலைகள் நல்ல வேலைகள்தான். பையன் ஆசைப்பட்டால் தாராளமாகப் போகட்டும். நாக்கு தடுமாறுகிறதே என்று அனுப்பினால், அது வழிகாட்டுவது ஆகுமா?

விசித்திர விதி

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது.

மராட்டிய மாணவர் ஒருவர் டாக்டருக்குப் படிக்க விரும்பினார். அவருக்குப் பேச்சுக் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அப்போதைய மருத்துவப் படிப்பு விதி என்ன சொன்னது தெரியுமா? குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் படிக்கலாம். ஆனால் ஒதுக்கீடு கிடையாது. 40-ஐ எட்டிவிட்டால் படிக்கவே கூடாது! அப்படியானால் ஒதுக்கீடு யாருக்கு?

மருத்துவக் குழு அவரைப் பரிசோதித்தது. படிக்க முடியும் என்றது. 2024 செப்டம்பர் 18-ந் தேதி அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. அக்டோபர் 15-ந் தேதி விளக்கமான தீர்ப்பு வந்தது. சதவீதத்தை மட்டும் பார்த்துத் தள்ளக்கூடாது, அந்த மாணவரால் படிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதை எழுதிய நீதிபதி கே.வி.விசுவநாதன் பொள்ளாச்சிக்காரர்.

பெற்றோர் கவனிக்க

2016-ம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் ஒன்று. உடல் அல்லது நரம்புக் கோளாறால் வந்த நிரந்தரக் குறைபாடாக இருக்க வேண்டும். திக்குகிறவர் எல்லோருக்கும் சர்டிபிகேட் கிடைத்துவிடாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சர்டிபிகேட் பெற்றவர்களுக்கு, அரசு கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் உண்டு.

அரசு பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் மேல்படிப்பு யோசனையும் சொல்கிறார்கள். யோசனை சொல்பவர் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். பையன் திணறும்போது வார்த்தையை எடுத்துக் கொடுக்கக்கூடாது. விரும்பினால் எழுதிக் காட்டட்டும்.

அமெரிக்காவில் சார்லஸ் வான் ரைப்பர் என்று ஒருவர் இருந்தார். கடுமையான திக்குவாய். வாலிபத்தில், பேசாமல் இருப்பதற்காகவே செவிட்டு ஊமைபோல நடித்துப் பண்ணையில் கூலி வேலை செய்தார். அவரே பின்னாளில் பேச்சுச் சிகிச்சையில் பெரிய நிபுணர் ஆனார். பேராசிரியராகவும் இருந்தார்.

அந்தச் சிகிச்சையைக் கற்பிக்கும் பட்டப்படிப்பு போரூர் ராமச்சந்திரா நிறுவனத்திலேயே இருக்கிறது. பயிற்சியோடு சேர்த்து 4 ஆண்டு. பிளஸ்-2வில் விஞ்ஞானப் பாடம் எடுத்திருக்க வேண்டும். ஆகவே பதினோராம் வகுப்பில் சேரும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது.